தள்ளிப் போடாத மூணு நாள்

என் மன்னிக்கு, இப்பவாவது அடுப்பை விட்டுத் தள்ளி, காத்தாட உக்காந்திருக்கேளா?

நீங்க போய் இன்னும் பத்து நாள்ல ஒரு வருஷம். வருஷாப்திகத்துக்கு உளுந்தும் எள்ளும் புடைச்சு வெச்சாச்சு. நம்மாத்துக்கு எலெக்ட்ரிக் லைட் வந்துடுத்து. அடுக்களையில ஒரு பல்பு தொங்கறது. சுவிட்சைப் போட்டா கரி பிடிச்ச சுவர் மூலை முடுக்கெல்லாம் தெரியறது. இந்தக் கரியிலயா மன்னி முப்பது வருஷம் நின்னேள்? எனக்குத் தெரியவே இல்லை. தெரியலைன்னு சொல்றதும் பொய்தான், விடுங்கோ. இந்தக் கடுதாசில பொய் சொல்றதா இல்லை.

இதை எங்கே கொண்டு போய்ப் போடறது? செங்கல்பட்டுத் தபாலாபீஸ்ல உங்க விலாசத்துக்குப் பை கட்ட மாட்டா. யார் கண்ணுலயாவது பட்டா படிச்சுக்கட்டும். என்னை மாதிரி ஓர்ப்படி இந்த ஜில்லாவுல இன்னும் நாலு பேர் இல்லாமலா இருப்பா?

உங்களுக்குத் தெரியும், எனக்குப் படம் போடற பைத்தியம் சின்ன வயசுலேர்ந்து. இந்தாத்துக்கு வந்தப்புறம் பதினாலு பேருக்கு இலை போடணும். நடுவுல பென்சிலைத் தொட்டா யாரும் அடிக்கவோ திட்டவோ இல்லை. எனக்குத்தான் உறுத்தும். மன்னி அங்கே ஆட்டுக்கல்லைச் சுத்திண்டு இருக்கறச்சே நான் இங்கே பசு மாட்டுக்குக் கொம்பு வரையறதா? சீ, எழுந்துக்கோடின்னு உள்ளேர்ந்து ஒரு குரல் வரும். பாதிக் கொம்போட எழுந்துடுவேன்.

அந்தப் பாதிக் கொம்பை நீங்க ஒரு நாள் பாத்துட்டேள். "எங்க மகாபலிபுரத்துல சிற்பி பாறை பாறையா பாதியில விட்டுட்டுப் போயிருக்கான். அவனையே யாரும் கேக்கலை, உன்னை யாருடி கேக்கப் போறா?"ன்னேள். பொறந்தாத்துப் பெருமை பேசாம உங்களுக்கு ஒரு நாள் போகாதே! ஆனா அன்னிக்கு நீங்க சொன்னதுல எனக்கு ஒரு தெம்பு வந்தது நிஜம்.

எனக்கு வழி விட்டது அந்த மூணு நாள்தான். மாசா மாசம் தூரமாகி, கொல்லைத் தாழ்வாரத்துல ஒதுங்கி உக்காந்துட்டா உள்ளே வரப்படாது, எதையும் தொடப்படாது. வேலை பண்ணாதேன்னு சாஸ்திரமே சொல்லிடுத்து. மத்தவா அதைச் சிறைம்பா. எனக்கு அது கவர்மெண்ட் லீவு. எங்காத்துக்காரர் கோர்ட்டுலேர்ந்து கொண்டு வர்ற ஒரு பக்கம் எழுதின தாள், ஒரு பென்சில், ஒரு பிளேடு. கார்த்தாலேர்ந்து வெளிச்சம் போற வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம போடுவேன். ஒரு மாசம் தவறினது கிடையாது. குத்தம்னு ஒண்ணு மனசுல எட்டிக்கூடப் பாக்காது. வேணும்னேவா உக்காந்திருக்கேன்? ஆயிடுத்து, உக்காந்திருக்கேன், அவ்வளவுதானே.

அந்த நாள்ல நான் தொட்ட தாளும் தீட்டுங்கறதால அது ஆத்துக்குள்ளே வராது. மாட்டுக் கொட்டகையில ஒரு தகரப் பெட்டியில போட்டு வெப்பேன். யாரும் திறந்து பாக்க மாட்டா. அதுவும் எனக்கு வசதியாத்தான் இருந்தது.

உங்களுக்கும் அந்த மூணு நாள் இருந்ததே! நீங்க தூங்குவேள். அப்பாடி, என்ன தூக்கம்! அந்த மூணு நாளும் அடுக்களை என் பாடு. உங்களுக்கு நின்னு போன வருஷம், "ஆச்சுடி கோமளி, என் தூக்கம் போச்சு"ன்னு சிரிச்சேள். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். மாமியாரும் போய், நாம ரெண்டே பேர்தான் அடுக்களைக்கு. இனிமே மன்னிக்கு மாசத்துல ஒரு பொழுதுகூட ஓய்வு இல்லையேன்னு எனக்கு உறைக்கவே இல்லை.

தாழ்வாரத்துலேர்ந்து பாத்தா என்ன தெரியும், சொல்லுங்கோ? கிணறு, துணிக்கொடி, அடுக்களைக் கொல்லைக் கதவு, கதவுக்குள்ளே நீங்க. கிணத்தை எத்தனை தடவை போடறது? உங்களைத்தான் போட ஆரம்பிச்சேன். குனிஞ்சு அடுப்பு ஊதறது, வெங்கலப் பானையை இறக்கறது, இடுப்புல கையை வெச்சுண்டு நிக்கறது. நீங்க இந்தப் பக்கம் திரும்பினா தாளைக் கவுத்துடுவேன். நிக்கறவளை உக்காந்துண்டு படம் போடறோமேன்னு வெக்கம்.

அப்புறம் எனக்கும் நின்னுது. நீங்க போறதுக்குச் சரியா ஒரு வருஷம் முன்னாடி.

ஒரு மாசம் பாத்தேன். வரலை. அடுத்த மாசமும் வரலை. கை சும்மா இருக்க மாட்டேங்கறது, மன்னி. ஒரு நாள் கார்த்தால கால் தானா போய்த் தாழ்வாரத்துல உக்காந்துடுத்து. "ஆயிட்டியா?"ன்னு உள்ளேர்ந்து கேட்டேள். "ஆமா"ன்னுட்டேன். ஒரே ஒரு வார்த்தை. தூரமானதை மறைச்சு உள்ளே வந்தவாளை ஊர் திட்டிக் கேட்டிருக்கேன். ஆகாததை ஆச்சுன்னு சொல்லி வெளியே உக்காந்தவ இந்த லோகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்! அப்புறம் மாசா மாசம் அதே பொய். படமும் அந்த வருஷம் போட்ட மாதிரி என் ஆயுசுலயே போட்டதில்லை. இதைச் சொல்லத்தான் வாய் கூசறது.

அந்த ஐப்பசி மழை ஞாபகம் இருக்கா? விறகெல்லாம் ஈரம். புகை ஆத்தை விட்டுப் போகவே இல்லை. உங்களுக்கு இழுப்பு. கிணத்தடியில குடத்தை இறக்கி வெச்சுட்டு என்னைப் பாத்துக் கேட்டேள்: "ஏண்டி கோமளி, இந்த மாசம் ஒரு நாலு நாள் தள்ளிப் போட முடியுமா உன்னால? எனக்கு மூச்சு முட்டறதுடி."

சிரிச்சுண்டேதான் கேட்டேள். ஆனா ஒரு பொம்மனாட்டி இன்னொரு பொம்மனாட்டியைப் பாத்து இப்படிக் கேப்பாளா? தெரிஞ்சவதான் கேப்பா. கறையே இல்லாம கொடியில உலர்ற என் துணியைப் பாத்தே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லாம் தெரிஞ்சு, ஒரு வார்த்தை காட்டிக் குடுக்காம, மூணு மூணு நாளா ஒத்தையா பொங்கிப் போட்டிருக்கேள். முதல் தடவையா ஒண்ணு கேட்டேள். நாலே நாள்.

நான் என்ன சொன்னேன்? "நன்னா கேட்டேள் போங்கோ, இதென்ன மன்னி நம்ம கையிலயா இருக்கு?"

மறுநாள் கார்த்தால போய் உக்காந்தேன்.

ஏன்னு என்னையே ஒரு வருஷமா கேட்டுண்டு இருக்கேன். தள்ளிப் போட்டா பொய்யை ஒத்துண்ட மாதிரி ஆயிடுமேங்கற பயம் ஒரு பாதி. மீதிப் பாதி, போன மாசம் பாதியில விட்ட படம் ஒண்ணு இருந்தது. அதுதான் நிஜம். அதை முடிக்கணும்னு விரல் துடிச்சுண்டு இருந்தது. உங்க மூச்சை விட எனக்கு அது பெரிசாப் போச்சு.

அந்த மூணு நாளும் நீங்க புகையில நின்னேள். நாலாம் நாள் படுத்தேள். பதினெட்டு நாள். எழுந்துக்கவே இல்லை. நெஞ்சு ரொம்ப நாளாவே கெட்டிருந்தது, எப்படியும் ஆகியிருக்கும்னார் டாக்டர். அவருக்கென்ன தெரியும்? பக்கத்துல உக்காந்து கஞ்சி புகட்டறச்சே சொல்லிடணும்னு தினம் வாயைத் திறப்பேன். நீங்க கண்ணை மூடிண்டுடுவேள். தூங்கறேளா, வேண்டாம் சொல்லாதேங்கறேளா? எது மன்னி?

அதுக்கப்புறம் ஒரு கோடு போடலை. பென்சிலைப் பாத்தாலே கை பின்னுக்குப் போறது.

போன வாரம் உங்காத்துக்காரர், அண்ணா, அடுக்களை வாசல்ல வந்து நின்னார். அவர் இந்தப் பக்கம் வரவே மாட்டாரே! "கோமளி, நீ ஏதோ படமெல்லாம் போடுவியாமே. அவ முகம் ஒண்ணு போட்டுத் தர முடியுமா? ஒரு போட்டோகூட எடுத்து வெக்கலை. எனக்கே மறந்துடும் போல இருக்கும்மா"ன்னார்.

கொட்டகைக்கு ஓடினேன். பெட்டியைக் கொட்டி, ஒவ்வொண்ணாத் தேடறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிண்டு இருந்த அஞ்சலை எட்டிப் பாத்துட்டு, "ஐயோ, இது நம்ம பெரியம்மா! இடுப்புல கைய வெச்சிகினு நிக்கிறத பாரேன், அப்பிடியே கீது"ன்னா. சித்த நேரம் புரட்டிட்டு அவளே கேட்டா: "இன்னாம்மா இது, ஒண்ணுத்துலயும் மூஞ்சியே காணோம்?"

இல்லை மன்னி. அத்தனை தாள்லயும் உங்க முதுகுதான். முகம் ஒண்ணுகூட இல்லை.

சரி, இதையாவது அவர் பாக்கட்டும்னு எடுத்துண்டு போனேன். அண்ணா கொல்லை நிலைக்கு அந்தப் பக்கமே நின்னுட்டார். "அந்த நாள்ல போட்டதோ? திவசம் வரது, உள்ளே வேண்டாம்மா"ன்னார். பார்வை மட்டும் தாளை விட்டுப் போகலை. உங்களை ஒரு தரம் பாக்கணும்னு அந்த மனுஷன் தவிக்கறது எனக்குத் தெரியறது. கடைசி ஒரு வருஷத்துக் கட்டுக்குத் தீட்டே கிடையாது. அதை நான் ஒருத்திதான் சொல்ல முடியும். சொன்னா பொய் வெளியே வரும். இதெல்லாம் மச்சினர்கிட்ட பேசற பேச்சா?

கதவுக்குப் பின்னாடி நின்னுண்டு சொல்லிட்டேன். எனக்கு நின்னு ரெண்டு வருஷமாச்சு, கடைசி வருஷம் உக்காந்ததெல்லாம் பொய், மன்னி தள்ளிப் போடச் சொல்லியும் கேக்கலை, எல்லாம். எங்காத்துக்காரர் கூடத்துல பேப்பரை மடிக்கற சத்தம்கூட நின்னு போச்சு.

அண்ணா கையை நீட்டினார். ஒவ்வொரு தாளா வாங்கி வெளிச்சத்துல பாத்தார். கடைசித் தாளை வெச்சுண்டு, "ஒரு தடவைகூட அவ இந்தப் பக்கம் திரும்பலையா?"ன்னார்.

"நான் கூப்பிடலை அண்ணா"ன்னேன்.

அதுக்கு அப்புறம் இன்னி வரைக்கும் அவர் என்னோட பேசலை. திட்டவும் இல்லை. காப்பியை வாங்கிக்கறார். அடுப்பு ஊதற படம் ஒண்ணை அலமாரியில வெச்சுண்டிருக்கார். திட்டினா தேவலை. திட்டுங்கோன்னு யார்கிட்ட போய்க் கேக்கறது?

எங்காத்துக்காரர்தான் மறுநாள், "இதுக்கா இத்தனை பொய்? படம் போடணும்னா கூடத்துல உக்காந்து போட வேண்டியதுதானே, யார் வேண்டாம்னா?"ன்னார். நான் முன்னாடியே நேரம் கேட்டிருந்தா குடுத்திருப்பேளான்னு வாய் வரைக்கும் வந்தது. கேக்கலை. குடுத்திருப்போம்னு சொல்லிட்டா நான் என்ன மன்னி பண்ணுவேன்?

இப்போ அஞ்சு நாளா மத்யானம் மூணு மணிக்குக் கூடத்துல உக்கார்றேன். நட்ட நடுவுல, எல்லார் கண்ணுலயும் படற இடத்துல. உடம்பு நன்னாத்தான் இருக்கு, வேலை முடியலை, ஆனாலும் படம் போடப் போறேன்னு வாய் விட்டுச் சொல்லிட்டு உக்கார்றேன். தோசைக்கு அரைக்கலைன்னா மறுநாள் உப்புமா. ஒருத்தரும் செத்துப் போகலை. பாருங்கோ, என்ன வார்த்தை வரது எனக்கு!

படம்தான் வரலை. மூக்குத்தி வரது, காதோரம் நரைச்ச முடி வரது. கண்ணைப் போடப் போனா கை நின்னுடறது. கோபமா இருந்தேளா, பாவம்னு விட்டேளா தெரியாம எந்தக் கண்ணைப் போடறது? அழிச்சு அழிச்சுத் தாள் கிழிஞ்சு போச்சு. பத்து நாளைக்குள்ளே வருமா தெரியலை. வராமயே போகலாம்.

வந்தாலும் வராட்டாலும் மூணு மணிக்கு உக்காருவேன், மன்னி. இது சத்தியம். யாருக்காகவும் சாக்குச் சொல்ல மாட்டேன். உறுத்தினா உறுத்தட்டும், எழுந்துக்க மாட்டேன். ஆனா பென்சிலை எடுக்கறதுக்கு முன்னாடி தினம் ஒரு தரம் அடுக்களைப் பக்கம் பாத்து வாய் விட்டுக் கூப்பிடுவேன்: "மன்னி, வேலையை அப்படியே போட்டுட்டு வந்து என் எதிர்ல சித்த உக்காருங்கோ."

உங்க நாலு நாளை எடுத்துண்ட ஓர்ப்படி,
கோமளி