பின் கண்ணாடியை மாட்டியது நான்தான்

திண்டிவனம்
10-11-86

அன்பு மகள் அம்சாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை கிருஷ்ணவேணியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பிலாயில் நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், குழந்தையைக் காதை மூடாமல் வெளியே தூக்காதே. இங்கே நல்ல மழை, மல்லாட்டை போட நிலம் இன்னும் காயவில்லை. இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை அம்மா, எழுத வேண்டியதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

கிருஷ்ணவேணி நிச்சயத்தன்று விழுப்புரத்திலிருந்து சம்பந்தி வீட்டாரை நம் காரில் அழைத்து வரும்போது, பின் கண்ணாடி வழியாக மழைத் தண்ணீர் இறங்கி சம்பந்தியம்மாள் பட்டுப்புடவையோடு நனைந்ததைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். கண்ணாடியை மாட்டியது மெக்கானிக் ராயப்பன் என்றும் எழுதினேன். அது பொய். மாட்டியது நான்.

காருக்குப் பெயிண்ட் அடிப்பதற்காகக் கண்ணாடியையும் அதைச் சுற்றியிருந்த ரப்பரையும் நம் வாசலில் வைத்துக் கழற்றிக் கொடுத்தது மட்டும்தான் ராயப்பன். புது ரப்பரும் அவனே வாங்கி வந்தான். மாட்டவும் வருகிறேன் என்றான், நான்தான் இது என்ன பெரிய வித்தை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். போகும்போது, "சோப்புத் தண்ணி தொட்டு மாட்டுங்கண்ணே, எண்ணெ வாணாம். ரப்பரு மிச்சமா தெரியும், அறுத்துடாதீங்க, உள்ள தள்ளிக்கினே போங்க" என்று இரண்டு தடவை சொன்னான். நான் நம் வீட்டு மல்லாட்டையில் ஆட்டிய கடலை எண்ணெயைத் தடவினேன். வழவழவென்று போகிறதே என்று இழுத்து இழுத்துப் பொருத்தினேன், கடைசியில் மூன்று விரல் மிச்சம் நின்றது, பிளேடால் அறுத்து எறிந்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டவும் செய்தேன். நாலு வெயில் பட்டதும் இழுபட்ட ரப்பர் சுருங்கி மூலையில் சந்து விட்டதை நான் கவனிக்கவில்லை.

அன்று சம்பந்தி சுப்பராயலு காரை விட்டு இறங்கியதுமே யார் மாட்டினது இந்தக் கண்ணாடி என்று கேட்டார். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த ராயப்பனைக் கை காட்டிவிட்டேன். அதோடு விட்டேனா, எல்லார் முன்னாலும் அவனைத் திட்டவும் திட்டினேன். அவன் கையிலிருந்த இலைக்கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது நம் வாசலிலேயே நடந்தது. சுப்பராயலு விழுப்புரம் டாக்சி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார், அங்கிருந்து அவனிடம் வந்துகொண்டிருந்த வண்டிகள் நின்றுவிட்டன. நீயும் பதிலில் அந்த ஆளை இனி வாசற்படி ஏற்றாதீர்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அவன் ஷெட்டுக்குப் போனேன். ஒரு வண்டிகூட இல்லை. தப்பு என்னுடையது, சம்பந்தியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வாணாம்ண்ணே, மொதல்ல பொண்ணு கல்யாணம் முடியட்டும், எனக்கு எங்கியாவது வேல கெடைக்கும்" என்கிறான். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தை மாதம் கல்யாணம் முடிந்ததும் சொல்லலாம், இப்போது சொன்னால் பொய் சொன்ன வீடு என்று சம்பந்தத்தையே முறித்துவிடுவார்கள் என்று உன் அம்மா பயப்படுகிறாள். அவள் பயப்படுவதும் நியாயம்தான். கிருஷ்ணவேணியைக் கேட்டேன். "போயி சொல்லிட்டு வாப்பா, தை மாசம் வரைக்கும் அவரு பொண்டாட்டி புள்ளைங்க இன்னா சாப்புடுவாங்க" என்றாள். பெற்ற பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

நாளை காலை விழுப்புரம் போகிறேன். போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. ராயப்பனைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தால் இதையும் மறைக்காமல் சொல், அப்பாவை விட்டுக்கொடுக்கிறோமே என்று பார்க்காதே. உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம், மயிலம் முருகன் துணையிருப்பான். உன் அப்பா கோழை அம்மா, எழுதி வைத்துவிட்டு மட்டும் போனால் பாதி வழியில் விக்கிரவாண்டியிலேயே இறங்கித் திரும்பிவிடுவேன். அதனால் இந்தக் கடிதத்தை முதலில் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, அப்புறம்தான் பஸ் ஏறுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோதண்டபாணி