மூன்று துளை கேஸ்கெட்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா? நான் நலம். கார்தான் நலமில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் எஞ்சின் சூடாகி ஆவி கிளம்பியது. உடனே நிறுத்திவிட்டேன், பயப்படாதீர்கள். மெக்கானிக் பானட்டைத் திறந்து அரை நிமிடம் பார்த்தார்.

"எஞ்சின் போச்சு தம்பி. வேற எஞ்சின்தான் வைக்கணும்."

கழற்றாமலே எப்படித் தெரியும்?

"கழட்டிக் காட்டுங்கண்ணே" என்றேன்.

மறுநாள் கருகிய ஹெட் கேஸ்கெட் தகடு ஒன்றை, என் எஞ்சினிலிருந்து கழற்றியதென்று நீட்டினார். அதில் சிலிண்டருக்கான துளைகள் மூன்றுதான். என் வண்டிக்கோ நான்கு சிலிண்டர்.

"இது யார் வீட்டுப் பிள்ளைண்ணே?"

"அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன் தம்பி!" என்று சிரித்தார்.

அன்றே வண்டியை எங்கள் கம்பெனிப் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்து நானே பிரித்தேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், எஞ்சினை மேலே மூடும் ஹெட் வளையவில்லை. கேஸ்கெட்டும் தெர்மோஸ்டாட்டும் மாற்றினால் போதும். எஞ்சினை மாற்றப்போவதில்லை.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி ஸ்டார்ட் செய்வேன். அப்போது போனை எஞ்சின் பக்கத்தில் வைக்கிறேன். சத்தத்தைக் கேட்டுச் சொல்லுங்கள். முப்பது வருடம் லாரி ஓட்டிய காது உங்களுடையது. இங்கே யார் 'சரி' என்றாலும் நான் நம்பமாட்டேன், பூட்டிய நானே சொன்னாலும்கூட.

சத்தம் சரியாக இருந்தாலும் உடனே வைத்துவிடாதீர்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை லைனிலேயே இருங்கள்.

ஷிப்டுக்கு மணியடித்துவிட்டது.

உங்கள் மகன்