சின்ன நீத்துப்பெட்டி

மடத்துவெளி,
புங்குடுதீவு.
11.02.2024

சிவரூபியின் அப்பாவுக்கு,

தைப்பொங்கல் முடிந்து நீங்கள் பண்டாரவளைக்கு பஸ் ஏறிய நாளிலிருந்து எத்தனை தரம் போன் எடுத்துவிட்டேன். எடுத்தவுடன் "கடையிலை சனம் நிக்குது, பிறகு கதைப்பம்" என்று சொல்லி வெட்டிவிடுகிறீர்கள். அந்தப் பிறகு இன்னும் வந்தபாடில்லை. அதனால்தான் பேனையை எடுத்தேன். கடிதத்தை நடுவிலே வெட்ட ஏலாது பாருங்கோ.

நான் சுகம். கிணற்றடி வாழை குலை போட்டிருக்கிறது. மகள் பாரிசிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலன்று மூன்றாம் தரமும் பொங்கல் போட்டுத் தின்றுகொண்டு, "டொக்டர் சொன்னவர், சீனி எல்லையிலை நிக்குதாம்" என்று ஏதோ மழை வரப்போகிறது என்கிற மாதிரிச் சொன்னீர்கள். ஆட்கள் இருந்தபடியால் அங்கே வைத்துச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உங்கள் தமையன் தம்பிஐயா அண்ணைக்கும் முதலில் எல்லையில்தானே நின்றது? அதே கடை, அதே காசுமேசை, அதே கதிரை. முதலில் விரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்காலோடு போனது. அவரை இந்த முற்றத்தில் கதிரையோடு தூக்கி இறக்கினது நீங்கள்தான். அதை நான் இன்னொரு தரம் பார்க்கமாட்டேன். சொல்லிப்போட்டேன்.

ஆகவே இன்றிலிருந்து உங்களுக்கு வெள்ளைச்சோறு இல்லை, பாண் இல்லை, கோதுமை மா றொட்டியும் இல்லை. குரக்கன் மாவும், நானே பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மாவும் அனுப்புகிறேன். அன்ரனிதாஸ் மலைநாட்டுக்குக் கருவாடு ஏற்றிப் போகிற லொறியில் வருகிறது. சைவக்கடைக்குள் மணம் ஏறக்கூடாதென்று பைக்குமேல் பை போட்டுக் கட்டியிருக்கிறேன். ஒடியல் மாவைக் கைப்புப் போக ஊறவிட்டுப் பிழிந்து அவிக்கும்படி குசினியில் நிற்கும் கிறிஸ்ரியிடம் சொல்லுங்கோ. இரண்டையும் பயப்படாமல் வயிறு நிறையச் சாப்பிடலாம், சீனி ஏறாது. ஊரே சொல்கிறது. ஒரு மாதத்துக்குத் தாராளமாய்க் காணும்.

உங்கள் சுகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
இரஞ்சிதம்

பண்டாரவளை.
02.03.2024

அன்பின் இரஞ்சிதத்துக்கு,

உம்முடைய கடிதத்தை லொறிக்காரன் நீட்டியதும் கிறிஸ்ரி பயந்துபோனான். "முதலாளி, ஊரிலை ஆருக்கும் ஏதுமோ?" என்று கேட்டான். "இல்லையடா, மனிசி ஏசி அனுப்பியிருக்கிறா" என்றேன். இப்போது கடையில் எல்லாருக்கும் தெரியும்.

நீர் சொன்னபடியே நடக்கிறேன். சோற்றை விட்டாயிற்று. பாண் அலுமாரியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மத்தியானம் குரக்கன் பிட்டு, இரவு ஒடியல் பிட்டு. காலையில் மட்டும் கடைத் தோசை, அது உழுந்துதானே. ஒடியல் முதலில் தொண்டையில் நின்றது. வாழைப்பழத்தைப் பிசைந்து பார்த்தேன், பிறகு சறுக்கிக்கொண்டு போகிறது. முந்தி சோறு என்றால் அளவு பார்த்துத் தின்ன வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கவலையே இல்லை. இரவு கடையைப் பூட்டிவிட்டு மேல் அறையில் தனிய இருந்து சாப்பிடும்போது கோப்பை எப்போது முடிந்ததென்றே தெரிவதில்லை.

பக்கத்துக் கடைக்காரர் எல்லாம் என்னை உதாரணம் காட்டுகிறார்கள். "இராசநாயகம் அண்ணையைப் பாருங்கோ, என்ன கட்டுப்பாடு!" என்று. தம்பிஐயா அண்ணைக்கு இப்படி ஒரு மனிசி வாய்த்திருந்தால் இன்னும் நடந்து திரிவார்.

மா முடிந்துவிட்டது. அடுத்த லொறியில் இரண்டு மடங்காய் அனுப்பும்.

இவ்விடமிருந்து,
இராசநாயகம்

மடத்துவெளி.
12.03.2024

சிவரூபியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? சோற்றை விட்ட மனுஷன் என்று முன்வீட்டு ரீச்சர் நிசாந்தினிக்கு வாசித்தும் காட்டினேன். அடுத்தநாள் குரக்கன் வறுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் யோசனை வந்தது. ஒரு மாதத்துக்குக் காணும் என்று அனுப்பிய மா எப்படிப் பாதி மாதத்தில் முடியும்? தாச்சியை இறக்கி வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இரட்டிப்பாய்த் தின்கிறீர்கள்! அதுக்குமேல் வாழைப்பழம்!

அன்றைக்கே எங்கள் கிளினிக்கில் நேர்ஸாய் இருக்கிற ஜசிந்தா மிஸியிடம் ஓடினேன். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தா.

"அக்கா, சோறும் மா, பாணும் மா, பிட்டும் மா, உங்கடை குரக்கனும் மாதான். எல்லாம் உள்ளுக்கை போனால் சீனிதான். குரக்கனும் ஒடியலும் கொஞ்சம் ஆறுதலாய், மெல்ல மெல்ல ஏறும், அவ்வளவுதான். ரெண்டு பங்கு திண்டால் சோத்தை விட மோசம். இஞ்சை வாற முக்கால்வாசிப் பேரும் இதைத்தான் செய்யினம். 'மிஸி, நான் இரவிலை சோறே தொடுறேல்லை' எண்டுவினம். கேட்டால் ஒரு நீத்துப்பெட்டி நிறையப் பிட்டு! ஆர் அவருக்கு வயிறு நிறையச் சாப்பிடச் சொன்னது?"

சொன்னது நான்தானே. தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

சரி, பிழை என்னுடையது, திருத்துகிறதும் நான்தான். மிஸி சொன்னதைக் கேளுங்கோ. கோப்பையில் பாதிக்கு இலைக்கறியும் மரக்கறியும். மிச்சப் பாதியில் ஒரு பங்கு பருப்பு அல்லது கடலை. மற்றப் பங்குதான் சோறோ, பிட்டோ, கிழங்கோ. எதை வேண்டுமானாலும் எடுங்கோ, ஆனால் ஒன்றுதான். பிட்டு என்றால் அன்றைக்கு மரவள்ளிக் கறி கிடையாது. தோசை உழுந்து மட்டும் இல்லை, அரிசியும் இருக்கிறது. கடை நடத்துகிற உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டிக் கிடக்கிறது!

இந்த முறை மா பழைய அளவில் பாதிதான் வருகிறது. அதோடு ஒரு சின்ன நீத்துப்பெட்டியும் வருகிறது. ஓலை இழைக்கிற ஜெனீற்றாவிடம் சொல்லி இழைப்பித்தேன். "இதென்னக்கா, பேரப்பிள்ளை விளையாடவோ?" என்று கேட்டாள். "இல்லை, என்ரை மனிசனுக்கு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். இனி அந்தப் பெட்டியில் அவிக்கிற பிட்டுத்தான் உங்கள் அளவு.

எனக்குப் பயமாய்க் கிடக்கிறது அப்பா. உங்களுக்கு அது விளங்குகிறதோ தெரியாது.

இரஞ்சிதம்

பண்டாரவளை.
15.04.2024

இரஞ்சிதத்துக்கு,

புதுவருஷமும் அதுவுமாய்ச் சண்டை பிடிக்க நான் விரும்பவில்லை. ஆனால் நீர் அனுப்பிய பெட்டியைப் பார்த்துக் கடை முழுக்கச் சிரித்தது. கிறிஸ்ரி அதைத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக் காட்டினான். இந்தக் குளிருக்குள் விடிய நாலு மணிக்கு எழும்புகிறவனுக்கு அது என்ன மூலைக்குக் காணும்? அவன் எனக்கு மூன்று தரம் அவித்துத் தருகிறான். ஒரு தரம் மட்டும் என்று நீர் எழுதவில்லையே.

மறைக்கிறேன் என்று சொல்வீர், அதனால் எழுதுகிறேன். போன கிழமை டொக்டர் திரும்ப இரத்தம் பார்த்தவர். கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். மூன்று மாதம் தவணை தந்திருக்கிறார், இறங்காவிட்டால் குளிசை தொடங்கவேண்டுமாம். வலது கால் பெருவிரல் பக்கம் கொஞ்சநாளாய் ஒரு விறைப்பு. அதை அவருக்குச் சொல்லவில்லை, அது குளிர்தான். நீர் வீணாய் யோசியாதேயும்.

ஒன்று மட்டும் விளங்கிக்கொள்ளும். அங்கே இருந்துகொண்டு இங்கே இருக்கிற என்ரை கோப்பையைக் காவல் காக்க உம்மால் ஏலாது. கடையைப் போட்டுவிட்டு வர என்னாலும் ஏலாது. ஐயா காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் கடையில், பெண்டுகள் ஊரில். அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது, இனியும் அப்படித்தான். வைகாசியில் அலுவல் கூடுதல். ஆனியில் வரப் பார்க்கிறேன்.

இராசநாயகம்

மடத்துவெளி.
23.04.2024

சிவரூபியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் "அது குளிர்தான்" என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடுத்தநாள்தான் மிச்சத்தை வாசித்தேன். தம்பிஐயா அண்ணையும் குளிர் என்றுதான் சொன்னவர். காலுறை வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தவர். காலுறைக்குள்ளே புண் வந்தது அவருக்கே தெரியாது.

நான் அங்கே வருகிறேன். பார்த்துவிட்டுப் போக இல்லை, இருக்க வருகிறேன்.

கதிரையை விட்டு எழும்பாதேயுங்கோ, முழுக்க வாசியுங்கோ. பெண்டுகள் கடையில் இருக்கிறதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஓம், மாமியும் இருக்கவில்லை, தம்பிஐயா அண்ணையின் மனிசி அக்காவும் இருக்கவில்லை. அக்கா தன் மனிசனை முழுதாய் அனுப்பிப்போட்டுப் பாதியாய்த்தான் திரும்ப எடுத்தா. அந்த வழக்கத்தை நான் ஏன் தூக்கிப் பிடிக்கவேணும்? நாங்கள் கலியாணம் முடித்து முப்பத்துநாலு வருஷம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருகிற ஒரு விருந்தாளுக்குத்தான் நான் சமைத்திருக்கிறேன். விருந்தாளுக்கு ஆரும் அளவு பார்த்துப் போடுவார்களோ? ஊர் இடம்பெயர்ந்து வன்னியில் கிடந்தபோதும் தனிய அடுப்பு மூட்டினேன். அப்போது பிள்ளை இருந்தாள். இப்போது எனக்கு முன்னால் ஒரு சுவர்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்றைக்கு ஜசிந்தா மிஸி, "வந்ததுதான் வந்தீங்கள், விரலைத் தாங்கோ" என்று எனக்கும் குத்திப் பார்த்தா. எனக்கும் எல்லையில்தான் நிற்கிறது. நான் வெல்லம் தின்கிறவளோ, வாழைப்பழம் பிசைகிறவளோ? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு ஆளுக்கென்று அரை நீத்துப்பெட்டி அவிக்க எனக்குக் கை வருகிறதில்லை. ஒரு பெட்டி நிறைய அவிப்பேன். மிச்சம் விட்டால் விடியப் புளித்துப்போகும் என்று முழுவதையும் சாப்பிட்டுவிடுவேன். அங்கே நீங்கள் ஒரு பெட்டி, இங்கே நான் ஒரு பெட்டி. குரக்கனோ ஒடியலோ, அதுவல்ல பிரச்சினை. பகிர்ந்து தின்ன ஆள் இல்லாததுதான் எங்கள் வருத்தம்.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதேயுங்கோ. நிசாந்தினி ரீச்சர் திறப்பை வாங்கிக்கொண்டா, வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைப்பா. வாழைக்குலையை அவவுக்கே கொடுத்துவிட்டேன், உங்களுக்குக் கொண்டுவர மாட்டேன். சிவரூபிக்குச் சொன்னேன். "அம்மா, இதை முதலே செய்திருக்கலாம்" என்றாள். அவளுக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நான் வந்துசேரும்வரை செருப்பில்லாமல் குசினிக்குள் திரியாதேயுங்கோ. நாளைக்கே டொக்டரிடம் போய்க் காலை நீட்டிக் காட்டுங்கோ. வெட்கப்பட ஒன்றுமில்லை.

வைகாசி ஐந்தாம் தேதிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸுக்கு ஆசனம் போட்டாயிற்று. ஆங்கிலக் கணக்கில் பதினெட்டு. வீட்டில் இருக்கிற பெரிய நீத்துப்பெட்டியைக் கொண்டுவரட்டோ, அங்கே இருக்கிற சின்னது காணுமோ என்று மட்டும் எழுதுங்கோ. வராதே என்று எழுதினால் அந்தக் கடிதத்தைப் பூட்டின படலைதான் வாசிக்கும்.

வருகிறேன்,
இரஞ்சிதம்

பண்டாரவளை.
04.05.2024

அன்பின் இரஞ்சிதத்துக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் உம்மோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் டொக்டரிடம் போனேன். அவர் கால் விரலில் ஒரு இறகு மாதிரி எதையோ வைத்து, "தெரியுதோ?" என்று கேட்டார். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எப்ப வைக்கப்போறீங்கள்?" என்றேன். அவர் ஏற்கெனவே வைத்திருந்தார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது இரஞ்சிதம். அண்ணையைத் தூக்கின பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது. புண் ஒன்றும் இல்லை, இப்போதே பிடித்தால் மோசமாகாமல் காக்கலாம் என்கிறார் டொக்டர். செருப்புப் போட்டிருக்கிறேன்.

மேல் அறையிலிருந்த அரிசி மூடைகளைக் கீழே இறக்கிவிட்டோம். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. அங்கே ஒரு கதிரைதான் இருந்தது, இன்னொன்று வாங்கினேன். கிறிஸ்ரி, "அம்மா வந்தால் குசினியிலை என்ரை கதை சரி" என்று புலம்பிக்கொண்டு திரிகிறான். வாழைப்பழத்தைப் பற்றி நேரில் கதைப்போம். பாதியாவது விடும்.

சின்னப் பெட்டியைக் கிறிஸ்ரியின் மகள் மண்சோறு ஆக்கி விளையாடக் கொண்டுபோய்விட்டாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

பெரியதையே கொண்டுவாரும். இரண்டு பேருக்குச் சின்னது காணாது.

பஸ் நிலையத்தில் நிற்பேன்,
இராசநாயகம்