ஒரு மஞ்சம், இரு மேல்மெத்தை

மழை வழுவாது பெய்க. மலையும் வயலும் ஒருங்கே தழைக்க. முகில்வரை நாட்டின் சிகரங்களை ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், பெரும் யானைப்படை உடையவரும், எம் பட்டத்தரசி நறுவீதேவியாரைப் பெற்ற தந்தையுமாகிய மாவரையர் பெருமான் திருமுன்னர், வெண்ணாவல் நாட்டு மன்னர் எழினரின் ஆணைப்படி முதன்மந்திரி கோதைக்கொற்றி பணிந்து எழுதும் ஓலை. தங்கள் நாட்டில் நலமே நிலவுவதாக. இங்கும் யாவரும் நலம். அரசரும் அரசியும் இப்போது மிகவும் நலம்.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. மணம் முடிந்து சில திங்களே ஆன நிலையில் எம் மன்னர் பள்ளியறையை நீங்கிப் படைக்கலக் கொட்டிலில் துயில்கிறார் என்றும், அரசியார் கண் சிவந்து முகம் வாடி அவைக்கு வருகிறார் என்றும் தங்கள் ஒற்றர் உரைத்ததையும், மகளை உரிய சிறப்புடன் திருப்பி அனுப்பாவிடில் தங்கள் யானைகள் எல்லை ஆற்றைக் கடக்கும் என்பதையும் அதில் கண்டோம். ஒற்றர் கண்டவை யாவும் உண்மை. ஆயினும் அவர் காரணத்தை அறியவில்லை. அதை நாங்களும் அறிந்திருக்கவில்லை என்பதை மறைப்பானேன்?

தங்கள் ஓலையை அரசர், அரசி இருவர் முன்னிலையிலும் அடியேனே உரக்கப் படித்தேன். அதன்பின் அவர்கள் பேசியதை, தங்கள் ஐயம் முற்றும் தீரும் பொருட்டு, பேசியபடியே எழுதுகிறேன்.

"என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றால் என்னிடமே சொல்லியிருக்கலாமே, தேவி" என்றார் மன்னர்.

"அறையை விட்டுப் போனது நீங்கள்" என்றார் அரசியார்.

"நீ விடியும்வரை புரண்டுகொண்டே இருந்தாய். நான் பக்கத்தில் இருப்பதுதான் தொந்தரவு என்று நினைத்தேன்."

"உங்களால் புரளவில்லை. அந்த மெத்தையால் புரண்டேன். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் கல்லில் கிடப்பதுபோல் நோகின்றன. என் தந்தை சீராகக் கொடுத்த அன்னத்தின் மெல்லிறகு அடைத்த தூவி மேல்மெத்தை இருந்தவரை இப்படி நோகவில்லை. வெயிலில் காயவைக்க எடுத்துப்போகிறார்கள் என்றீர்கள். திரும்பி வரவே இல்லை. எங்கள் வீட்டுச் சீர் உங்களுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நானும் கேட்காமல் இருந்துவிட்டேன்."

மன்னர் தலை குனிந்தார். "என் முதுகுக்குத்தான் பிடிக்கவில்லை" என்றார். இளமையில் குதிரையிலிருந்து விழுந்து நடுமுதுகில் அடிபட்டவர் அவர் என்பதும், மல்லாந்தே துயில்பவர் என்பதும், அத்தூவி மெத்தையில் இடுப்பு பள்ளத்தில் இறங்கிவிட, காலையில் எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பதும் அப்போதுதான் வெளிவந்தன. புது மனைவியிடம் முதுகுவலி என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்ததாம்.

அரசியார், "எனக்கும் அதில் உங்கள் நாட்டு வெக்கையில் வியர்த்துக் கொட்டியது. அப்பா கொடுத்ததாயிற்றே என்று வாய் திறக்கவில்லை" என்றார். இருவரும் சிரிக்கத் தொடங்கினர். அடியேனும் மந்திரிக்குரிய அடக்கத்தைச் சிறிது நேரம் மறந்தேன்.

அன்று நண்பகல் உணவுக்குப்பின், அரசியார் ஆணைப்படி, பலவகை மேல்மெத்தைகள் அவைமண்டபத்தில் விரிக்கப்பட்டன. தென்னை நாரால் இறுக்கித் தைத்த அரண்மனை மெத்தை அடியில் கிடக்க, அதன்மேல் இலவம்பஞ்சு, ஆட்டுமயிர், அழுத்திய பருத்தி, தூவி என ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தோம். மன்னர் மல்லாந்து படுக்கும்போதெல்லாம் அரசியார் அவர் இடுப்பின் கீழே கையை நுழைத்தார். வெறும் நார்மெத்தையில் கை தடையின்றிப் போய்வந்தது; அஃது அவர் முதுகைத் தாங்கவில்லை என்றார். தூவியில் கை நுழையவே இல்லை. இரு விரல் கனத்தில் அழுத்திய பருத்தி மேல்மெத்தையில்தான் கை இதமாகப் பொருந்தி நின்றது. மன்னர் கண்ணை மூடிக்கொண்டு, இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

அவரை எழுப்பி அரசியார் ஒருக்களித்துப் படுத்தார். மன்னர் தம் வில்லின் நாணைக் கழற்றி, அரசியாரின் பிடரி முதல் இடுப்புவரை முதுகெலும்போடு நீட்டிப் பிடித்தார். தூவியில் முதுகு நடுவே தொய்ந்தது. ஆட்டுமயிர் ஓரளவு நேராகத் தாங்கினாலும் அதன் சூட்டை இந்நாட்டில் தாங்க இயலாது. நான்கு விரல் கனத்தில் இலவம்பஞ்சை இட்டபோது தோளும் இடுப்பும் வேண்டிய அளவு அமிழ்ந்து, முதுகு அந்த நாணைப்போலவே நேராயிற்று. மண்டபத்தில் நின்ற அனைவரும் வெற்றிச் செய்தி கேட்டவர்போல் ஆரவாரித்தனர்.

இதற்கிடையே எம் படைத்தலைவர் வல்லங்கிழார், எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய தூவியின்மேல் குப்புறப் படுத்து ஆழ்ந்து உறங்கிவிட்டார். எழுந்தபோது கழுத்து இடப்பக்கம் திரும்பியபடியே நின்றுவிட்டது. குப்புறப் படுப்பவருக்கு மெல்லிய, திண்மையான விரிப்பே தகும் என்பதை அவரால் அறிந்தோம். தாங்கள் அன்று படையெடுத்து வந்திருந்தால் அவர் தங்கள் யானைகளில் பாதியைத்தான் கண்டிருப்பார்.

ஒருவருக்கு உகந்தது மற்றவருக்கு ஆகாது என்பதால் மஞ்சத்தைப் பிரிப்பதா என்ற கேள்வி எழுந்தது. "மஞ்சம் ஒன்றுதான்" என்று அரசியார் உறுதியாகச் சொன்னார். ஆகவே அவர் பக்கம் இலவம்பஞ்சும் மன்னர் பக்கம் பருத்தியுமாக இரண்டு மேல்மெத்தைகள் அருகருகே இடப்பட்டு, மன்னர் பக்கம் மட்டும் அடியில் ஒரு தடித்த கம்பளம் கொடுத்து மட்டம் சமமாக்கப்பட்டு, ஓரங்கள் நாடாவால் கட்டப்பட்டு, மேலே ஒரே விரிப்பு போர்த்தப்பட்டது. ஒருவர் புரண்டால் மற்றவர் விழிப்பதில்லை. தாங்கள் அளித்த தூவியையும் நாங்கள் வீணாக்கவில்லை. அதைப் பிரித்து இருவருக்கும் தலையணைகள் தைத்தோம். தங்கள் சீரின்மேல்தான் இன்று இருவர் தலையும் சாய்கின்றன.

மன்னர் பள்ளியறைக்குத் திரும்பினார். மறுநாள் இருவருமே அவைக்கு வெகுநேரம் கழித்து வந்தனர். வழக்குரைக்க வந்து காத்திருந்த குடிமக்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை.

ஆகவே எம் மன்னரின் வேண்டுகோள் இது: யானைகள் தம் காட்டிலேயே தழை உண்டு மகிழ்ந்திருக்க, தாங்கள் உறவினராக எழுந்தருளி மகளின் இல்லறத்தைக் கண்ணாரக் காண வேண்டும். தாங்கள் மல்லாந்து துயில்பவரா, ஒருக்களிப்பவரா, குப்புறப் படுப்பவரா, வெக்கை பொறுப்பவரா என்பதை இத்தூதனிடமே சொல்லியனுப்புக. தங்கள் மஞ்சம் அதற்கேற்ப ஆயத்தமாகும். இவ்வோலை எம் மன்னர் செவிமடுத்து இசைந்தது. அவருடைய நாவற்கிளை முத்திரை இதன் இறுதியில் பதிந்தது. இச்சொல் இருநாட்டிலும் நிற்க.

முத்திரைக்குக் கீழே, அரசியார் தம் கையால் கீறியது:

அப்பா, நீங்கள் எப்படித் தூங்குவீர்கள் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். அரியணையில் உட்கார்ந்தபடியே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மந்திரிகள் பேசும்போது தூங்குவீர்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சீக்கிரம் வாருங்கள்.