செம்புப் பக்கத்திலிருந்து பார்த்தால்

ஜனவரி 9

அன்பு மகனுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறேன். நீ கட்டம் போட்ட தாளில் வரைந்து அனுப்பிய படம் கைக்கு வந்தது. சிறையில் கடிதம் பிரித்துப் பார்க்கும் சார் அதை வெடிகுண்டு என்று நினைத்து ஒரு வாரம் நிறுத்தி வைத்தாராமே. அவரைக் குறை சொல்ல முடியாது. நானே முதலில் ஏதோ புதுமாதிரி ரவிக்கை என்றுதான் நினைத்தேன்.

கதவில் மாட்டும் அந்த அலாரத்துக்குப் பலகையும் சாமான்களும் வாங்கிவிட்டேன். கடைக்காரப் பெண் பலகையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் வரிவரியாகச் செம்புப் பட்டை. ஒரு பட்டையில் எத்தனை கால் குத்தினாலும் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டக் கூடாத இடத்தில் பட்டையை அறுத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற தையல்காரனுக்குப் புரிந்ததில் அவளுக்கு ஒரே பெருமை.

நீ கண்ணைக் கெடுத்தாயே, அந்தப் பையனின் அண்ணன்கள் இரண்டு பேரும் எதிர்ப்புறம் நின்று நம் கடையையே பார்க்கிறார்கள். டீ வேண்டுமா என்று கேட்டேன். பெரியவன் துப்பினான். வேண்டாம் போலிருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

கதவைத் தள்ளினால் ஊளையிடும் உன் பெட்டியைச் சீக்கிரம் முடித்துவிடுவேன். நீ வரும்போது மட்டும் அழுத்திவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வர, ஜன்னல் கட்டைக்குப் பின்னால் ஒரு மறைவு சுவிட்ச் போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

அப்பா

ஜனவரி 24

அப்பாவுக்கு வணக்கம்.

அவசரப்படாதீர்கள். பற்றவைப்பதற்கு முன்னால் எல்லாச் சாமானையும் தாள் மேலேயே வைத்துப் பாருங்கள், எந்தக் கால் எந்தப் பட்டையில் இறங்குகிறது என்று. பென்சிலில் செய்த தப்பை அழிக்கலாம். ஈயம் உருகிவிட்டால் கஷ்டம்.

எட்டுக்கால் ஐசி சில்லுக்குக் கீழே நான்கு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அங்கே பட்டையை அறுக்க வேண்டும். படம் மேலிருந்து பார்த்து வரைந்தது. செம்பு அடியில் இருக்கிறது. பலகையைத் திருப்பினால் இடது வலதாகிவிடும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

அந்த அண்ணன்களின் சித்தி மகன் ஒருவன் திருட்டு வழக்கில் இங்கே வந்திருக்கிறான். சாப்பாட்டு வரிசையில் என்னைப் பார்த்து ஒரு கண்ணைப் பொத்திக் காட்டுகிறான். பொறுத்துக்கொண்டிருக்கிறேன். இப்படியே இருந்தால் ஜூனில் விட்டுவிடுவார்கள்.

உங்கள் மகன்

பிப்ரவரி 6

என் ராசாவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் அறுத்துப் பற்றவைத்துவிட்டேன். காலமெல்லாம் துணியில் நல்ல பக்கம், உள்பக்கம் பார்த்துக் கத்தரி போடுகிறவன், உன் படத்தை அப்படியே செம்புப் பக்கத்தில் வைத்து அறுத்தேன். ஐசி இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சுட்டது. ஊளை வரவில்லை.

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். பட்டப்பகலில். கதவு வாயே திறக்கவில்லை, நான்தான் ஊளையிட்டேன். பெரியவன் கம்பியால் தையல் மெஷினை அடித்தான், சக்கரம் உடைந்து சுவரில் தெறித்தது. அடுத்த அடி என் வாயில். முன்பல் இரண்டு போயிற்று. ஒன்றைத் துப்பினேன், மற்றதை விழுங்கியிருப்பேன். சின்னவன் என் இடது கையைத் தரையில் வைத்து மிதித்தான். மூன்று விரல். எலும்பு உடைகிற சத்தம் கோட்டுப் பட்டன் பிய்கிற மாதிரி இருக்கிறது, தெரியுமா? "உன்ன கொன்னு எங்களுக்கு என்ன ஆகப்போவுது பெருசு? உன் பையன் வெளிய வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

போலீசில் சொல்லியிருக்கிறேன். அது என் பாடு. உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சித்தி மகனைத் தொடாதே. கண்ணைப் பொத்தினால் பொத்தட்டும். செம்புப் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி படத்தை மறுபடி வரைந்து அனுப்பு. அந்தத் தாள் வந்தால் போதும், உன் கை பென்சிலோடுதான் இருந்தது என்று தெரிந்துகொள்வேன்.

அப்பா

மார்ச் 2

அப்பா,

படம் இல்லை. வலது கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அந்தச் சித்தி மகன் சாப்பாட்டு வரிசையில் நின்று, "உங்கப்பன் விரல் எப்படிடா இருக்கு?" என்று கேட்டான். தட்டின் விளிம்பால் முகத்தில் அடித்தேன். விழுந்ததும் மேலே உட்கார்ந்து கையால் குத்தினேன். தாடை நழுவியது கைக்குத் தெரிந்தது. போதும் போதும் என்றான். காதில் விழுந்தது. நிறுத்தவில்லை. காவலர்கள் இழுத்துப் போட்டபோது அவனிடமிருந்து சத்தமே இல்லை. உயிர் இருக்கிறது என்கிறார்கள்.

இனி ஜூன் கிடையாது. உங்களுக்காகத்தான் செய்தேன்.

உங்கள் மகன்

மார்ச் 20

மகனுக்கு,

உன் இடது கை எழுத்து என் வலது கை எழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

படம் வராததால் நானே வரைந்தேன், துணி வெட்டுவதற்கு முன் அளவு போடும் தாளில். முதலில் மேலிருந்து. பிறகு அதைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்தில் தெரிந்த கோடுகள் மேலேயே செம்புப் பக்கம். சாமான்களை வைத்தேன், எடுத்தேன், மாற்றி வைத்தேன். நாள்கணக்கில் ஈயத்தின் பக்கமே போகவில்லை. பிறகு புதிதாக வாங்கிய பலகையில், மிச்சமிருக்கும் விரல்களால் பற்றவைத்தேன். எடுத்த எடுப்பில் ஊளையிட்டது. நாற்காலியோடு விழுந்தேன்.

மறுநாளே யாரோ கதவைத் தள்ளினார்கள். ஊளையில் தெருவே கூடிவிட்டது. நான் பெரிய கத்தரியை ஓங்கிக்கொண்டு நின்றேன். வாசலில் ஓர் அம்மா, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு. நீ அடித்தவனைப் பெற்றவள். வையவில்லை. "உங்க பையன் கையால அடிச்சாருங்களா, எதையாச்சும் வெச்சு அடிச்சாருங்களா? டாக்டர் கேக்கறாரு. எம்புள்ளையால வாயத் தொறக்க முடியல" என்றாள்.

முதலில் தட்டு, பிறகு கை என்று சொன்னேன். நீதான் எழுதியிருந்தாயே. கத்தரி இன்னும் என் கையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்து போனாள்.

எனக்காகத்தான் செய்ததாகவும் எழுதியிருந்தாய். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

என் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் குறித்து அனுப்பு. அதில் ஜன்னல் கட்டைக்குப் பின்னால் அந்த மறைவு சுவிட்ச் இருக்காது. மறந்துபோகவில்லை. பென்சிலால் வரைந்து, நானே அழித்தேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தடம் தெரியும்.

நீ வரும் நாளில் கதவைத் தட்டு. நான் வந்து திறக்கிறேன். தள்ளினால் ஊளையிடும், யாராக இருந்தாலும்.

அப்பா