இடது தோளில் எண்ணெய்க் கறை

நேற்று மண்ணூர்பேட்டைப் பக்கம் போக வேண்டியிருந்தது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஓரத்தில் இன்னும் மிச்சமிருக்கும் ஒரு லேத்து பட்டறையைத் தாண்டும்போது, இரும்பைக் கடையும் இடத்தில் ஊற்றுகிற அந்த எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "இன்னா சார், இங்கியா எறங்கணும்?" என்றார் ஓட்டுநர். இல்லை, சும்மா கொஞ்சம் நிற்கட்டும் என்றேன். உன் உள்ளங்கையின் வாசனை அது. எந்த சோப்புக்கும் அசையாது.

உன்னைப் பற்றி எல்லாரும் இப்போது இரக்கமாகப் பேசுகிறார்கள். பாவம், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் தனியாகவே இருந்து போய்ச் சேர்ந்துவிட்டானாம். தனியாகவா? அப்படியானால் இத்தனை வருஷம் உன்னோடு ஒரே குழம்பைச் சாப்பிட்டு, ஒரே போர்வைக்குச் சண்டை போட்டவன் யார்? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா அம்மாவோடு இருந்தேன். பேக்டரியில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. நீ இந்த எஸ்டேட்டில் லேத்து ஓட்டினாய். உன் ஷிப்ட் முடிந்ததும் மண்ணூர்பேட்டை டீக்கடையில் சந்திப்போம். நாம் காதலித்தோம். அந்தச் சொல்லை அப்போது ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது சொல்கிறேன், யாருக்கு என்ன வந்தது?

அந்த நாளில் நம் பக்கம் சிநேகிதர்கள் என்றால் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் நடப்பார்கள். சினிமாவுக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், சம்பள நாளில் ஆடிக்கொண்டே வருகிறவர்கள், எல்லாரும் அப்படித்தான். யாரும் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நாம் மட்டும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற அளவு இடைவெளி விட்டு நடந்தோம். தொட்டால் தெரிந்துவிடுமாம். ஊரே கைபோட்டு நடக்கும்போது விலகி நடக்கிற இருவர்தான் கண்ணில் உறுத்துவார்கள் என்பது நம் மண்டையில் ஏறவே இல்லை. டீ மாஸ்டர் ஒருநாள் கேட்டேவிட்டார். "இன்னாபா, ரெண்டு பேருக்கும் சண்டையா? எப்பப் பாத்தாலும் தள்ளித் தள்ளி நின்னுக்கினு கீறீங்கோ?"

பாண்டிச்சேரிப் பேச்சை எடுத்தது நீதான். பட்டறைக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர் ஒருவர் உன்னிடம் சொல்லியிருந்தார். "ஒரு தொரசானி அம்மா ஊட்ல ரூம் வுடுறாங்கோ மாமே. சனிக்கெழம ஆனா பாட்டு, டான்சு. யாரு யாரோட வந்தேன்னு கேக்க மாட்டாங்கோ." லாரிக்காரருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்றேன். "நமக்கு மட்டுந்தான் மனசு கீதா?" என்றாய்.

பூந்தமல்லியில் பஸ் ஏறித் தாம்பரத்தில் மாறினோம். வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். கடற்கரையை ஒட்டிய வெள்ளைக்காரத் தெரு ஒன்றில் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக இருந்தது அந்த வீடு. துரைசானி என்பது பட்டப்பெயர்தான். நம்மூர்ப் புடவை கட்டிய தமிழம்மா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்துபோனவரின் மனைவி. "ஒரு கட்டிலா, ரெண்டு கட்டிலா தம்பி?" என்று கேட்டார். நான் "ரெண்டு" என்ற அதே நொடியில் நீ "ஒண்ணு" என்றாய். எனக்குக் காது சுட்டது. அந்தம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சத்தமா சொன்னவருக்கே தரேன்" என்று ஒற்றைக் கட்டில் அறைச் சாவியை உன் கையில் போட்டுவிட்டு, காப்பி வேண்டுமா என்று கேட்டபடி உள்ளே போனார்.

அன்று இருட்டியதும் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். ஒருவர் அக்கார்டியன் வாசித்தார். கணவன் மனைவிகள் ஆடினார்கள். நரைத்த மீசைக்காரர் இருவர், ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, வெகுகாலம் பழகிய கால்களோடு ஆடினார்கள். நான் பீர் கிளாஸைக் கீழே வைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் வயதாகலாம் என்று அதற்குமுன் எனக்கு யாரும் காட்டியதில்லை.

நீ எழுந்து கையை நீட்டினாய். எனக்கு ஆடத் தெரியாது. உனக்கு மட்டும் தெரியுமா என்ன? கல்யாண ஊர்வலத்தில் பேண்டுக்குக் குதிக்கிற ஆட்டத்தை அந்த மெல்லிசைக்குப் போட்டாய். மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஓர் ஆள் பக்கத்து மேஜையிலிருந்து, "ஆம்பளயும் ஆம்பளயும் ஆடுறானுங்க, த்தூ" என்றார். என் கால் நின்றுவிட்டது. நீ என் கையை விடாமலே திரும்பினாய். "உன் காலயா மிதிச்சேன் நைனா? இல்லல்ல? அப்ப கம்முனு பீரக் குடி." கூடமே சிரித்தது. அந்தம்மா வந்து அவருடைய பாட்டிலை எடுத்து வாசல் திண்டின்மேல் வைத்தார். "காத்து வேணும்னா அங்க நல்லா வரும்" என்றார். அந்த ஆள் பாட்டிலைத் தேடிக்கொண்டு எழுந்து போனார்.

பிறகு கடற்கரைச் சாலையில் நடந்தோம். நீ என் இடது தோளில் கைபோட்டாய். எல்லாரும் போடுகிற மாதிரி, கனமாக, கவலையே இல்லாமல். நான் முதலில் விறைத்துப்போனேன். பத்தடி நடப்பதற்குள் அழுதுவிட்டேன். நீ என்னவென்று கேட்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் தோளில் போட்ட கையோடு டீக்கடைக்கு நடத்திக் கூட்டிப்போனாய். டீ மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "அப்பாடா, சண்ட தீந்துச்சா?" என்று இரண்டு டீயை ஆற்றினார். நாம் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. ஆனால் உனக்கு அதுவும் போதவில்லை. "இங்க கைய மட்டுந்தான் பாக்குறாங்கோ மாமே. அங்க அந்தம்மா நம்மளப் பாத்துச்சு" என்றாய்.

அப்புறம் என் சட்டைகளுக்கெல்லாம் இடது தோளில் கறுப்புக் கறை. அம்மா திருநெல்வேலிக்காரி, விடுவாளா? "எல, என்னல இது ஒத்தத் தோள்ல மட்டும் கறை?" என்று கல்லில் அடித்து அடித்துப் பார்த்தாள். போகவில்லை. ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். தெரிந்துதான் நிறுத்தினாள் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளில் அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடெடுத்தோம். அண்ணன் தம்பியா என்று வீட்டு ஓனரம்மா கேட்டபோது நான் தலையாட்டப் போனேன். "அண்ணந்தம்பி இல்லீங்கோ, நாங்க ஒண்ணா கீறோம்" என்றாய். அன்று இரவு உன்னோடு சண்டை போட்டேன். அவசரக் குடுக்கை என்று திட்டினேன். வீடு கிடைத்தது. நாம் அங்கேதான் நரைத்தோம்.

உன் நெஞ்சு நின்றுபோன அன்று உன் அண்ணன் வந்து உன்னைத் தன் மண்ணூர்பேட்டை வீட்டுக்கு எடுத்துப்போனார். "தம்பியோட ஃப்ரெண்டு" என்று என்னை நாற்காலிகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். டீ கொடுத்தார்கள். பாடையைத் தூக்கும் நேரம் எழுந்து போனேன். உன் அண்ணன் என் மார்பில் கைவைத்துத் தடுத்தார். "பங்காளிங்க தூக்குவாங்கோ சார். நீ யாரு அவனுக்கு?"

உன்னோடு இருந்த காலம் முழுக்க உன் பாஷை என் வாயில் வந்ததே இல்லை. நீ கேலி செய்வாய். அன்று வந்தது.

"அவன் கை இந்தத் தோளு மேலதான் கீது. நவுரு."

அவர் என்னையே பார்த்தார். கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு நகர்ந்தார்.

நான் இடது தோளைத்தான் கொடுத்தேன். நீ எப்போதும் போலக் கனமாக இருந்தாய். இப்போது என் சட்டைகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன, எனக்கு அது பிடிக்கவில்லை. நேற்று ஆட்டோவிலிருந்து இறங்கிப் பட்டறைக்குள் போனேன். அந்த எண்ணெயில் உள்ளங்கையைத் தோய்த்து, என் தோளில் நானே வைத்துக்கொண்டேன். "யாரு சார் நீ?" என்று பட்டறைக்காரர் கேட்டார். உன் பெயரைச் சொல்லி, நான் அவனுடைய வீட்டுக்காரன் என்றேன்.