தட்டியும் விடாத பிடி

கவரைப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

தம்பி சுதாம் பெஹராவுக்கு,

ஸ்டேஷன் ரோட்டில் உன் கையை முறித்த செண்பகம் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு அதைக் கேட்க முகம் இல்லை. இங்கே உன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ரபிதான் விலாசம் கொடுத்தான். போன வாரம் போன் செய்தபோது, நான் யார் என்று சொன்னதும் வைத்துவிட்டாய். வைத்தது சரிதான்.

அந்த வித்தையை நான் ஏன் கற்றுக்கொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாக்குச் சொல்வதாக நினைக்காதே. கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடிந்து ரயிலில் வந்து இறங்கினால், எங்கள் தெரு வரைக்கும் லாரிகள் நிற்கும் ரோடுதான். உனக்கே தெரியும். போன வருஷம் ஒருவன் பைக்கில் பின்னாலேயே வந்து, என் உடம்பில் கை வைத்துவிட்டுப் போனான். நான் கத்தக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன். மறுபடியும் குளித்தேன். அதற்குப் பிறகுதான் சர்ச் ஹாலில் எட்வர்ட் மாஸ்டரிடம் சேர்ந்தேன். ஜுஜுட்சு என்று ஜப்பான்காரர்களின் பழைய தற்காப்புக் கலை. நம்மைப் பிடிக்க வருகிறவனின் வேகத்தை வைத்தே அவனைத் தூக்கிப் போடுவது, கை மூட்டைப் பூட்டி அசையவிடாமல் வைப்பது, இதுதான் அதில் முக்கியம். முதலில் அடிபடாமல் விழக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஒருநாள் என்னைவிடக் கனமான ஒருத்தியை இடுப்பில் ஏற்றிப் பாயில் போட்டேன். அன்றைக்குத்தான் அந்த ரோட்டில் நிமிர்ந்து நடந்தேன்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. பூட்டு வலித்தால், மாட்டிக்கொண்டவர் பாயைக் கையால் தட்டுவார். தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

உன் கை முறிந்த அன்று சாயங்காலம் கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நீ கூப்பிட்டிருப்பாய், என் காதில் விழவில்லை. பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. பழகினபடியே அந்தக் கையைத் தோளோடு அழுத்திப் பிடித்து, உடம்பைத் திருப்பி, உன் முழங்கை மேல் என் கையைப் போட்டு இறக்கினேன். நீ குப்புற விழுந்தாய். அதுவரை நடந்ததற்குப் பயத்தின் மேல் பழியைப் போடலாம். விழுந்த பிறகு இன்னொரு கையால் தரையைத் தட்டினாய். உனக்கு எங்கள் சட்டம் தெரியாது, வலியில் தட்டினாய். எனக்குத் தெரியும். நீ தட்டியதைப் பார்த்தேன். விடவில்லை தம்பி. இன்னும் அழுத்தினேன். போன வருஷம் பைக்கில் வந்தவனைத்தான் அழுத்தினேன் என்று நினைக்கிறேன். ஆனால் உடைந்தது உன் கை.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. “இந்திக்காரனா? போடுடா அவன” என்று ஆளாளுக்கு உன்னை அடித்தார்கள். “அக்கா, கார்டு, கார்டு” என்று சொல்லிக்கொண்டே அடி வாங்கினாய். அப்போதுதான் கீழே பார்த்தேன். என் கம்பெனி ஐடி கார்டு, என் போட்டோவோடு கிடந்தது. ரயிலில் நான் தவறவிட்டதைக் கொடுக்க ஓடி வந்திருக்கிறாய். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். போலீஸ் ஜீப்பில் உன்னை ஏற்றும் வரை வாயைத் திறக்கவில்லை.

யாரோ எடுத்த வீடியோ எல்லோருடைய போனுக்கும் போனது. கம்பெனியில் தைரியசாலி என்று எனக்குச் சால்வை போட்டார்கள். சிரித்துக்கொண்டு நின்றேன்.

வகுப்பிலும் அந்த வீடியோவைப் போட்டுக் கைதட்டினார்கள். எட்வர்ட் மாஸ்டர் மட்டும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். “இன்னா செண்பகம், அவன் தட்டிக்கினே கீறானே. நீ ஏன் உடல?” என்றார். பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். கார்டு விஷயம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. வகுப்பில் கட்டும் பெல்ட்டை அவிழ்த்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். உன்மேல் கேஸ் எதுவும் இல்லை, அப்போதே அனுப்பிவிட்டோம் என்றார்கள். காண்ட்ராக்டர் உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதும், கட்டுப் போட்ட கையோடு நீ ஊருக்கு ரயிலேறியதும் ரபி சொல்லித்தான் தெரிந்தது. கம்பெனியில் எல்லோர் முன்னாலும் எழுந்து உண்மையைச் சொன்னேன். மேனேஜர், “முடிஞ்சு போனத ஏம்மா கெளறிக்கினு?” என்றார். எனக்குச் சால்வை போட்ட கல்பனா, என்னோடு வேலை செய்கிறவள், கேன்டீனில் வந்து அழுதாள். “நாளைக்கு நெசமாவே எவனாவது மேல கை வச்சா, நாம சொல்றத யாரு நம்புவாங்கக்கா?” என்றாள்.

அந்த வீடியோ உங்கள் ஊர் வரை வந்துவிட்டதாம். உனக்குப் பேசிவைத்த பெண்ணின் வீட்டார் இப்போது பிடிகொடுத்துப் பேசுவதில்லையாம். ரபிதான் சொன்னான். போனில் சொன்னால் உன் காதோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். திருப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் உங்கள் ஊரில் தமிழ் படிப்பாராமே. ஐயா, இதைப் படித்துச் சொல்கிறவர் நீங்கள் என்றால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இவனிடம் மட்டும் சொல்லி மடித்து வைத்துவிடாதீர்கள். இவன் அம்மாவை, அந்தப் பெண்வீட்டாரை, வீடியோ பார்த்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, உங்கள் பாஷையில் சத்தமாகச் சொல்லுங்கள். இந்தப் பையன் ஒரு பெண் தவறவிட்ட பொருளைக் கொடுக்க ஓடி வந்தான். வேறு ஒன்றும் செய்யவில்லை. என் பெயரும் தெருவும் கீழே இருக்கின்றன. யார் வந்து கேட்டாலும், அவர்கள் எதிரில் நின்று இதையே சொல்வேன்.

சுதாம், மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தகுதியில்லை. கையை மடக்க முடிகிறதா என்று மட்டும் அந்த ஐயாவை ஒரு வரி எழுதச் சொல். முடியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதச் சொல். நீ உன் கையாலேயே சோறு பிசைந்து சாப்பிட வேண்டும். அந்தக் கையாலேயே மாலை எடுத்து அந்தப் பெண்ணுக்குப் போட வேண்டும். தினமும் சாமியிடம் அதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நீ அக்கா என்று கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத
செண்பகம்,
பிள்ளையார் கோயில் தெரு,
கவரைப்பேட்டை.